இழுக்க இழுக்க விரியும் புரதம்

கல்லீரல் செல் ஒன்றுக்குள் ஒரு சங்கிலி நீண்டுகொண்டிருக்கிறது. ரைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. நடுத்தரப் புரதம் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதற்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். நீளம் அப்படி: ஏறக்குறைய 2,400 அமினோ அமிலங்கள். கோத்து முடிந்த சங்கிலி தனியாகப் புறப்படுவதும் இல்லை. தன்னைப் போன்ற இன்னொரு சங்கிலியோடு வால்நுனிக்கு அருகில் இரண்டு கந்தகப் பிணைப்புகளால் சேர்ந்து ஜோடியாகிறது. போகும் வழியில் சில இடங்களில் சர்க்கரை மூலக்கூறுகள் அதன்மேல் ஏற்றப்படுகின்றன. பிறகு நுண்பைகளில் அடைபட்டு, செல்லின் விளிம்புக்கு வந்து, ரத்தத்தில் இறங்குகிறது.

இதன் பெயர் ஃபைப்ரோனெக்டின். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்குச் சுமார் 300 மைக்ரோகிராம் இருக்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் பிளாஸ்மா மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அளவில் அற்பம்தான். ஆனால் இந்தப் புரதமே இல்லாத எலிக்கரு எட்டரை நாளைத் தாண்டி உருப்பட முடியவில்லை என்று 1993இல் தெரியவந்தது. அந்தக் கருக்களில் இதயமும் ரத்தக்குழாய்களும் ஒழுங்காக உருவாகவில்லை. நரம்புக்குழல் கோணலாகிப் போயிருந்தது. செல்கள் இருந்தன, அவை நகர்ந்து போய் நிலைகொள்ளப் பற்றுதல்தான் இல்லை.

ரத்த அணுக்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம் உடலின் செல்கள் ஏறக்குறைய அனைத்துமே எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழ்கின்றன. தோல், குடல்சுவர், தசை, ரத்தக்குழாயின் உள்பூச்சு என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். பிடி நழுவிய செல் பிழைப்பது கடினம். தோலையும் குடலையும் மூடியிருக்கும் எபிதீலியச் செல்களைத் தரையிலிருந்து பிரித்து மிதக்கவிட்டால், சில மணி நேரத்தில் தாமாகவே தங்களை அழித்துக்கொள்கின்றன என்பதை 1994இல் ஸ்டீவன் ஃப்ரிஷும் அவருடன் பணியாற்றியவரும் காட்டினார்கள். உணவு இருக்கிறது, பிராணவாயு இருக்கிறது, ஆனாலும் சாகிறது. பற்றியிருப்பது செல்லுக்கு வசதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

அந்தப் பற்றுதலைத் தரும் புரதங்களில் ஒன்றான ஃபைப்ரோனெக்டினின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து முடிவுவரை தொடர்ந்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. செல்கள் எதிலும் வெறுமனே ஒட்டிக் கிடப்பதில்லை, இழுத்துப் பிடித்திருக்கின்றன. இழுக்க ஆள் வரும்வரை இந்தப் புரதமும் தன் வேலையைத் தொடங்குவதில்லை.

குளிரில் கரையாதது

மனிதர்கள் இதை முதலில் சந்தித்தது ஓர் இடைஞ்சலாகத்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டில் எட்வின் கோன் தலைமையிலான குழு, பிளாஸ்மாவை அதன் புரதங்களாகப் பிரித்தெடுக்கும் முறைகளை உருவாக்கியது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆல்புமின் வேண்டும், ரத்தம் உறைய ஃபைப்ரினோஜன் வேண்டும். அந்த வரிசையில் மாரிசன், எட்சால், மில்லர் மூவரும் 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது சுத்தமான ஃபைப்ரினோஜன். ஆனால் கரைசலைக் குளிரவைத்தபோது ஃபைப்ரினோஜனோடு இன்னொரு புரதமும் சேர்ந்து அடியில் படிந்தது. குளிரில் கரையாத குளோபுலின் என்று குறித்துவைத்துவிட்டு மேலே போனார்கள். அது என்ன செய்கிறது என்று அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஒருவருக்கும் தெரியாது.

இன்றும் அது குளிரில் படிந்துகொண்டுதான் இருக்கிறது. ரத்த வங்கிகளில் கிரையோ என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அந்தப் பையைப் பார்த்தால் புரியும். உறையவைத்த பிளாஸ்மாவைக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலேயே மெல்ல இளகவிடுவார்கள். பையின் அடியில் வெண்மையாக ஒரு படிவு தங்கும். மேலே தெளிந்ததை வடித்துவிட்டு அந்தப் படிவை மட்டும் சேமித்துவைப்பார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அது ஏற்றப்படும்போது, மருத்துவர் எதிர்பார்ப்பது அதிலுள்ள ஃபைப்ரினோஜனையும் உறைதல் காரணிகளையும். ஃபைப்ரோனெக்டினும் அதே பையில் கூடவே போகிறது.

காணாமல்போன பட்டை

இதன் உண்மையான வேலை தெரியவந்தது ரத்தத்தை ஆராய்ந்தவர்களால் அல்ல, புற்றுநோயை ஆராய்ந்தவர்களால். 1970களின் தொடக்கம். லண்டனில் இம்பீரியல் கேன்சர் ரிசர்ச் ஃபண்டின் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹைன்ஸ் என்ற இளம் ஆய்வாளர் ஒரு கேள்வியோடு இருந்தார். சாதாரண செல்லைப் புற்றுநோய் வைரஸ் தாக்கி மாற்றும்போது அதன் வெளிப்பரப்பில் என்ன மாறுகிறது?

அவர் கையாண்ட முறை எளிமையானது, கூர்மையானது. கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள்மேல் கதிரியக்க அயோடினையும் லாக்டோபெராக்சிடேஸ் என்ற என்சைமையும் சேர்த்தார். அந்த என்சைம் அளவில் பெரியது, செல்லுக்குள் நுழைய முடியாது. ஆகவே வெளிப்பரப்பில் நிற்கும் புரதங்களில் மட்டும் அயோடின் ஏறும். பிறகு செல்களைக் கரைத்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, எக்ஸ்ரே ஃபிலிமை அதன்மேல் வைத்தார். கதிரியக்கம் ஏறிய புரதம் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் ஃபிலிமில் கறுப்புப் பட்டை விழுந்தது.

சாதாரண செல்களின் வரிசையில், மிகப் பெரிய புரதங்கள் தங்கும் மேல்பகுதியில் ஒரு பட்டை அழுத்தமாகத் தெரிந்தது. வைரஸால் மாறிய செல்களின் வரிசையில் அதே இடம் ஏறக்குறைய வெறுமை. 1973இல் வெளியான இந்த முடிவு பல ஆய்வகங்களை உசுப்பியது. ஹெல்சிங்கியில் எர்க்கி ருவோஸ்லாட்டியும் ஆன்டி வாஹேரியும் இணைப்புத்திசு செல்களின் பரப்பில் ஒரு புரதத்தைக் கண்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் கென்னத் யமடா கோழிக்கருவின் செல்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், பொருள் ஒன்றே. 1975இல் ருவோஸ்லாட்டியும் வாஹேரியும் முடிச்சை அவிழ்த்தார்கள்: செல்லின் பரப்பில் நிற்கும் இந்தப் புரதமும் 1948இன் குளிரில் கரையாத குளோபுலினும் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு யமடாவின் குழு ஒரு துணிச்சலான சோதனை செய்தது. புற்றுத்தன்மை அடைந்த செல்கள் தட்டில் சரியாகப் பற்றாமல் உருண்டையாக நிற்கும். அவற்றோடு இந்தப் புரதத்தைச் சேர்த்தார்கள். உருண்டைகள் தட்டையாகின, நீண்டு படர்ந்து, சாதாரண செல்களைப் போல் ஒரு திசை பார்த்து ஒழுங்காகப் படுத்தன. ஆனால் அவற்றின் கட்டற்ற பெருக்கம் நிற்கவில்லை. உருவத்தைத் திருப்பித் தந்த புரதத்தால் கட்டுப்பாட்டைத் திருப்பித் தர முடியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு அது ஏமாற்றம். செல் எப்படிப் பற்றுகிறது என்று அறிய விரும்பியவர்களுக்கோ அதுவே வாசல்.

ரத்தத்தில் சுருண்டிருக்கும் காலம்

நாம் தொடரும் மூலக்கூறு இப்போது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் உடலமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு சங்கிலியும் சுமார் முப்பது சிறு மடிப்புகளால் ஆனது. அவை மூன்று வகை: முதல் வகையில் 12, இரண்டாம் வகையில் 2, மூன்றாம் வகையில் 15 முதல் 17 வரை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு முனை ஃபைப்ரினைப் பற்றும், அதை அடுத்த பகுதி கொலாஜனைப் பற்றும், நடுப்பகுதி செல்லைப் பற்றும், இன்னொரு பகுதி ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றும்.

இத்தனை கைகள் உள்ள ஒரு புரதம் ரத்தத்தில் சும்மா ஓடுவது ஆபத்து இல்லையா? ஓடும் வழியிலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ரத்தக்குழாய் அடைத்துவிடும். அதனால்தான் அது ரத்தத்தில் இருக்கும்வரை சுருட்டி வைத்த பாய்போல மடங்கியே இருக்கிறது. ஜோடியின் இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, பின்னிக்கொள்ளும் இடங்கள் உள்ளே மறைந்திருக்கும். முழுக்க விரிந்தால் ஒவ்வொரு கையும் 60 நானோமீட்டரைத் தாண்டும். ரத்தத்தில் அந்த நீளம் வெளியே தெரியாது.

கல்லீரல் மட்டும்தான் இதைச் செய்கிறது என்பதும் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உட்பட உடலின் பல செல்கள் தாமே செய்துகொள்கின்றன. மரபணு ஒன்றுதான், மனிதரில் அது இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த ஒரே மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டும் விதத்தால் சுமார் 20 வகை ஃபைப்ரோனெக்டின்கள் உருவாக முடியும். ரத்தத்தில் ஓடும் கல்லீரல் வகையில் இல்லாத இரண்டு மடிப்புகள், திசுக்களில் உருவாகும் வகைகளில் இருக்கும். கரு வளரும்போதும் காயம் ஆறும்போதும் அந்த மடிப்புகள் உள்ள வகை பெருகுகிறது. வளர்ந்து முடிந்த அமைதியான திசுவில் அது அரிது.

காயத்தில் இறங்குதல்

தோல் கிழிகிறது. ரத்தக்குழாய் திறந்து, பிளாஸ்மா வெளியே வழிகிறது. அதோடு நம் மூலக்கூறும் வெளியேறுகிறது. திராம்பின் என்ற என்சைம் ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் நாராக்குகிறது. நார்கள் பின்னி வலையாகின்றன, தட்டணுக்கள் அதில் திரள்கின்றன. இதே திராம்பின் பதின்மூன்றாம் உறைதல் காரணியையும் விழிக்கச் செய்கிறது. அந்தக் காரணி ஃபைப்ரோனெக்டினின் தலைப்பக்கத்திலுள்ள குளூட்டமின் ஒன்றை ஃபைப்ரினின் லைசினோடு நிரந்தரமாகப் பிணைக்கிறது. கழுவினால் போகாத பிணைப்பு இது. ரத்தத்தில் கட்டற்று ஓடிய மூலக்கூறுக்கு முதல்முறையாக ஓர் இடம் கிடைக்கிறது.

நாம் பொருக்கு என்று சொல்லும் அந்தக் கட்டி, வெறும் அடைப்பு அல்ல. அடுத்து வரப்போகும் செல்கள் கால்வைக்கும் தரை அது. முதலில் வெள்ளணுக்கள் வருகின்றன. சில நாள்களில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் காயத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்கின்றன. தோலின் மேல்செல்கள் ஓரத்திலிருந்து புறப்பட்டுப் பொருக்கின் அடியில் ஊர்ந்து மூடுகின்றன. ஒவ்வொன்றும் முன்னே ஒரு பிடியை வைத்து, பின்னே ஒரு பிடியை விட்டு, அப்படித்தான் நகர முடியும்.

எதைப் பிடிக்கின்றன, எதனால் பிடிக்கின்றன என்ற கேள்விகளுக்கு விடை தெரிய 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் 1978இலேயே ஒரு தடயம் கிடைத்துவிட்டது. ஹைன்ஸும் ஆன்டோனியா டெஸ்ட்ரியும் ஒரே செல்லில் இரண்டு பொருள்களுக்கு வெவ்வேறு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். செல்லுக்கு வெளியே ஃபைப்ரோனெக்டின் நார்கள். செல்லுக்கு உள்ளே, அதன் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகள். நுண்ணோக்கியில் பல இடங்களில் இரண்டும் ஒரே கோட்டில் ஓடின. நடுவே செல்லின் சவ்வு இருக்கிறது. ஒன்றை ஒன்று தொட வழியே இல்லை. அப்படியும் உள்ளே இருப்பது திரும்பும் பக்கம் வெளியே இருப்பதும் திரும்புகிறது என்றால், சவ்வை ஊடுருவி இரண்டையும் இணைக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்

ருவோஸ்லாட்டி அதற்குள் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவுக்கு வந்திருந்தார். அவரும் மைக்கேல் பியர்ஷ்பாகரும் செல் பற்றும் இடம் எது என்று தேடினார்கள். புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்டிக்கின்மேல் பூசுவது, செல்கள் அதில் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது: இதுதான் வழி. ஒட்டும் துண்டை மறுபடி வெட்டினார்கள். சுமார் நூறு அமினோ அமிலங்கள் உள்ள துண்டு ஒட்டியது. அதற்குப் பிறகு வெட்டுவதை விட்டுவிட்டு, அந்தப் பகுதியிலுள்ள சிறு சிறு தொடர்களை வேதிமுறையில் தாங்களே தயாரித்துச் சோதித்தார்கள்.

1984இல் வெளியான முடிவு பலரை வியக்கவைத்தது. 2,400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெரும் புரதத்தில், செல் அடையாளம் கண்டு பற்றுவதன் மையம் மூன்றே அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். அறிவியலாளர்கள் இந்த மூன்றையும் ஆர்ஜிடி என்ற ஓரெழுத்துக் குறிகளால் எழுதுவார்கள். மூன்றாவதாக உள்ள அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலத்தை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜன்களும் மட்டுமே. அந்தச் சின்ன நீளம் கூடியதும் செல் ஒட்ட மறுக்கிறது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில், உண்மையான விளைவா என்று சரிபார்க்க இந்த மாற்றுத்தொடரைத்தான் பக்கத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஆர்ஜிடி ஃபைப்ரோனெக்டினுக்கு மட்டும் உரியதும் அல்ல. விட்ரோனெக்டினில் இருக்கிறது, ஃபைப்ரினோஜனில் இருக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள பல புரதங்கள் இதே அடையாளத்தைக் காட்டித்தான் பிடிகொடுக்கின்றன.

பற்றும் கை

அடையாளம் தெரிந்ததும் அதைப் பற்றும் கையைப் பிடிப்பது எளிதாயிற்று. 1985இல் ருவோஸ்லாட்டியின் ஆய்வகம் ஃபைப்ரோனெக்டினின் செல்பற்றும் துண்டை ஒரு கண்ணாடிக்குழாயில் நிரப்பிய மணிகள்மேல் ஏற்றியது. செல்களைக் கரைத்த சாற்றை அதன் வழியே ஊற்றினார்கள். வேண்டாதவை வழிந்து போயின, பற்றக்கூடியது மட்டும் நின்றது. பிறகு சிறு ஆர்ஜிடி துணுக்குகளை ஊற்றினார்கள். நின்றிருந்த புரதம் மணியை விட்டு அந்தத் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தது. மறு ஆண்டு, அதற்குள் எம்.ஐ.டி.க்குப் போயிருந்த ஹைன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய கையொன்றின் மரபணுவைப் படித்தெடுத்து, இன்டெக்ரின் என்று பெயரிட்டார்கள்.

இன்டெக்ரின் ஒவ்வொன்றும் இரண்டு சங்கிலிகளின் ஜோடி. பாலூட்டிகளில் 18 ஆல்ஃபா சங்கிலிகளும் 8 பீட்டா சங்கிலிகளும் உண்டு. அவை சேர்ந்து 24 வகைக் கைகளாகின்றன. ஃபைப்ரோனெக்டினை முதன்மையாகப் பற்றுவது ஆல்ஃபா-5 பீட்டா-1. வெளியே நீண்ட தலை, சவ்வைத் துளைத்துச் செல்லும் தண்டு, உள்ளே மிகச் சிறிய வால். ஓய்வில் தலை கவிழ்ந்து மடங்கி இருக்கும். டாலின் என்ற புரதம் உள்ளிருந்து வந்து வாலைத் தொட்டதும் தலை நிமிரும். சுமார் 20 நானோமீட்டர் உயரத்துக்கு எழுந்து, பற்றத் தயாராகும். உள்ளே நடப்பது வெளியே உள்ள பிடியைத் தீர்மானிக்கிறது. வெளியே பிடித்ததும் அந்தச் செய்தி உள்ளே போகிறது. ஹைன்ஸும் டெஸ்ட்ரியும் பார்த்த ஒரே கோட்டுக்கு விடை இதுதான். ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, வெள்ளணுக்களின் இன்டெக்ரின்களை ஆராய்ந்த திமோதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இழுவை

இனி, இந்த வாழ்க்கையின் மையம்.

பொருக்கில் பிணைக்கப்பட்ட நம் மூலக்கூறின் அருகே ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் வருகிறது. அதன் இன்டெக்ரின் ஆர்ஜிடியைப் பற்றுகிறது. இரண்டு கைகள் உள்ள ஜோடி என்பதால், இரண்டு இன்டெக்ரின்கள் பற்றலாம். உள்ளே டாலின் மூலமாக அந்த இன்டெக்ரின்கள் ஆக்டின் இழையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆக்டினை மயோசின் இழுக்கிறது. நம் தசையைச் சுருக்கும் அதே வகைப் புரதம்தான் இங்கே செல்லுக்குள் இழுக்கிறது.

இழுத்ததும் ஃபைப்ரோனெக்டின் விரியத் தொடங்குகிறது. கைகள் பிரிகின்றன. உள்ளே மறைந்திருந்த பின்னும் இடங்கள் வெளியே தெரிகின்றன. பக்கத்தில் விரிந்திருக்கும் இன்னொரு ஃபைப்ரோனெக்டினின் தலைப்பகுதி அங்கே வந்து சேர்கிறது. ஒன்றோடொன்று பின்னி, கரையாத நாராகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருபோதும் நார் ஆகாதது, ஒரு செல் பிடித்து இழுத்த இடத்தில் மட்டும் நாராகிறது. ரத்தக்குழாய் அடைபடாமல், காயத்தில் மட்டும் வலை எழும்புவதற்கான ரகசியம் இதுதான். எங்கே உழைக்க ஆள் இருக்கிறதோ அங்கேதான் தரை உருவாகும்.

1999இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் எரிக்சனின் குழு ஃபைப்ரோனெக்டினோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்து, உயிருள்ள செல்கள் நார் பின்னுவதைப் படம்பிடித்தது. செல்கள் நகர நகர நார்கள் இழுபட்டன. சில நார்கள் ஒரு பக்கம் அறுந்ததும் சட்டென்று சுருங்கின. இழுபட்ட நிலையில் அவை தம் இயல்பான நீளத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு நீண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. பார்ப்பதற்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றிய வலை, எந்நேரமும் விறைப்பாக இழுக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது.

இழுவை உள்ளேயும் வேலை செய்கிறது. டாலின் மூலக்கூறை இழுத்தால் அதன் மடிப்பு ஒன்று சுமார் 5 பிகோநியூட்டன் விசையில் அவிழ்கிறது. ஒரு பிகோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவிழ்ந்த இடத்தில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஏறுகிறது, இன்னும் ஆக்டின் இழைகளைக் கொண்டுவந்து கட்டுகிறது. ஆர்ஜிடியை இன்டெக்ரின் பற்றும் பிணைப்பும் விசித்திரமானது. 2009இல் அதை ஒற்றை மூலக்கூறு அளவில் அளந்தபோது, 10 முதல் 30 பிகோநியூட்டன் வரை இழுவை கூடக் கூடப் பிணைப்பின் ஆயுளும் கூடியது. சாதாரணப் பிணைப்பை இழுத்தால் சீக்கிரம் விடும், இது இறுகுகிறது.

இதன் பொருள் பெரிது. தரை கெட்டியாக இருந்தால் இழுவைக்கு எதிர்ப்பு கிடைக்கும், பிடி பலப்படும். தரை நெகிழ்ந்து கொடுத்தால் பிடி வளராது. ஆக, செல் தன் சுற்றுப்புறம் எவ்வளவு கெட்டி என்பதை இழுத்துப் பார்த்தே அறிகிறது. 2006இல் பென்சில்வேனியாவில் டென்னிஸ் டிஷரின் குழு, எலும்பு மஜ்ஜையின் தண்டு செல்களை வெவ்வேறு கெட்டித்தன்மையுள்ள ஜெல்களில் வளர்த்தது. மூளைத்திசுபோல் மென்மையான ஜெல்லில் அவை நரம்புசெல்லின் சாயலையும், எலும்பாகும் திசுபோல் கெட்டியானதில் எலும்பு செல்லின் சாயலையும் எடுத்தன. எதைப் பற்றியிருக்கிறது என்பது மட்டுமல்ல, அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதும் ஒரு செல் என்னவாகும் என்பதை மாற்றுகிறது.

பிறர் கைகளில்

இப்படி ஊரறிந்த பிடிமானம் ஒன்று இருந்தால், அதை வேறு உயிர்களும் கண்டுகொள்ளாமல் விடுமா? புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா ஃபைப்ரோனெக்டினைப் பற்றுகிறது என்பதை 1978இல் ஃபின்லாந்தின் பென்ட்டி குஸேலா கண்டார். அந்த பாக்டீரியாவின் பரப்பில் நீண்ட புரதம் ஒன்று உண்டு. அது ஃபைப்ரோனெக்டினின் தலைப்பகுதி மடிப்புகளில் வரிசையாகப் படிந்துகொள்கிறது. ஃபைப்ரோனெக்டினின் நடுப்பகுதியோ இன்னமும் இன்டெக்ரினுக்குத் திறந்தே இருக்கிறது. செல் தன் வழக்கப்படி ஃபைப்ரோனெக்டினைப் பற்றி உள்ளே இழுக்கும்போது பாக்டீரியாவும் உள்ளே போய்விடுகிறது. நுழைந்த பிறகு பல மருந்துகளும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அதை எட்டுவது கடினம்.

பாம்புகளும் இந்த அடையாளத்தைக் கற்றிருக்கின்றன. நம் வறண்ட நிலங்களில் திரியும் சுருட்டை விரியனின் நஞ்சில் எகிஸ்டாட்டின் என்ற சிறு புரதம் இருக்கிறது. மொத்தமே 49 அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்று, ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். தட்டணுக்களின் இன்டெக்ரினை இது கெட்டியாகப் பற்றி அடைத்துவிடுகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர முடிவதில்லை. விரியன் கடித்தவருக்கு ரத்தம் நிற்காமல் கசிய இதுவும் ஒரு காரணம். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக நஞ்செடுக்கும் நான்கு பாம்புகளில் சுருட்டை விரியனும் ஒன்று. அதே எகிஸ்டாட்டினை முன்மாதிரியாகக் கொண்டு வடிக்கப்பட்ட டைரோஃபிபான் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு வந்தவரின் இதயக் குழாயில் தட்டணுக்கள் திரண்டு அடைக்காமல் தடுக்க, இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் அது பயன்படுகிறது.

எல்லா முயற்சிகளும் பலித்துவிடவில்லை. மூளைப்புற்றில் இன்டெக்ரினை அடைக்க ஆர்ஜிடி வளையமாக வடிவமைக்கப்பட்ட சிலென்கிடைட், பெரிய மருத்துவச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014இல் வெளியான முடிவுகள் காட்டின. பற்றுதலைத் தடுத்தால் போதும் என்பது அவ்வளவு எளிதான கணக்கு அல்ல. ஒரு கையை அடைத்தால் செல்லுக்கு வேறு கைகள் இருக்கின்றன.

பிரசவ அறையிலும் இந்தப் புரதத்துக்கு ஒரு பங்கு உண்டு. கருவைச் சூழ்ந்த சவ்வும் கருப்பையின் உள்படலமும் சேரும் இடத்தில் ஒரு வகை ஃபைப்ரோனெக்டின் இருக்கிறது. ஐந்தரை மாதத்துக்குப் பிறகு, குறைமாதத்தில் வலி கண்ட பெண்ணின் கருப்பைவாய்த் திரவத்தில் அது தென்பட்டால், அந்தச் சேர்மானம் குலையத் தொடங்கியிருக்கலாம் என்று பொருள். தென்படாவிட்டால் அடுத்த ஓரிரு வாரத்தில் பிரசவம் ஆகும் வாய்ப்பு மிகக் குறைவு. தேவையில்லாமல் மருத்துவமனையில் படுக்கவைக்காமல் தாயை வீட்டுக்கு அனுப்ப இந்தச் சோதனை உதவுகிறது.

அறுபட்டு முடிதல்

காயத்துக்குத் திரும்புவோம். ரத்தம் கொண்டுவந்த ஃபைப்ரோனெக்டினோடு, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தாமே செய்த வகையும் சேர்ந்து வலை அடர்கிறது. அந்த வலையின்மேல் கொலாஜன் படிகிறது. ஃபைப்ரோனெக்டின் நார்கள் இல்லாத இடத்தில் கொலாஜன் ஒழுங்காக நாராகாது. சில வாரங்களில் கொலாஜன் பலம் பெறுகிறது, ஃபைப்ரோனெக்டின் குறைகிறது. என்சைம்கள் அதை வெட்டுகின்றன. செல்கள் இன்டெக்ரினோடு சேர்த்து அதை உள்ளே இழுத்து, லைசோசோமில் அரைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. இன்டெக்ரின்களில் பல மறுபடி பரப்புக்கு வந்து வேறொரு பிடிக்குத் தயாராகின்றன. கல்லீரலில் தொடங்கிய வாழ்க்கை இங்கே முடிகிறது. மிஞ்சுவது தழும்பு, அது கொலாஜனின் உடைமை.

இந்த முடிவு நேரத்தில் வராவிட்டால் இரண்டு வகையில் கேடு. வலை அழியாமல் வளர்ந்துகொண்டே போனால், செல்கள் இழுத்து இழுத்துத் திசுவைக் கெட்டியாக்கிவிடும். நுரையீரலிலும் கல்லீரலிலும் நார்த்தன்மை ஏறுவது இப்படித்தான். வலை உருவாகும் முன்பே அறுக்கப்பட்டால் புண் ஆறவே ஆறாது. 1990களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் கிரினெல் உள்ளிட்டோர், நாள்பட்ட கால் புண்களில் ஊறும் நீரைப் பரிசோதித்தார்கள். புதுக் காயத்தின் நீரில் ஃபைப்ரோனெக்டின் முழுதாக இருந்தது. ஆறாத புண்ணின் நீரில் அது துண்டுதுண்டாகக் கிடந்தது. கூட்டமாக வந்த வெள்ளணுக்களின் என்சைம்கள் அதை வெட்டித் தள்ளியிருந்தன.

ரத்தத்தில் ஃபைப்ரோனெக்டின் இல்லாததால் வந்த புண் அல்ல அது. எலிகளில் ரத்தத்தின் ஃபைப்ரோனெக்டினை மட்டும் நீக்கிப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், தோல் காயங்கள் ஏறக்குறைய வழக்கம்போலவே ஆறின. உள்ளூர் செல்கள் தாமே செய்துகொண்டன, வேறு புரதங்களும் கைகொடுத்தன. குறைபாடு சரக்கில் இல்லை. இழுத்து நாராக்கும்வரை அதை விட்டுவைக்காத சூழலில்தான் இருக்கிறது.

சர்க்கரை நோயால் காலில் புண்ணோடு வருபவரிடம் மருத்துவர் சொல்வதை இந்த வெளிச்சத்தில் கேட்க வேண்டும். புண்ணைக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுக்கிறார். வெட்டும் என்சைம்களும் அவற்றை அழைக்கும் கிருமிகளும் குறைகின்றன. அந்தக் காலை ஊன்றாதே, எடை ஏற்றாதே என்கிறார். அப்போதுதான் அன்று பின்னிய நார் மறுநாள் மிதிபட்டு அறாமல் இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வை என்கிறார். செல்கள் நகரவும் இழுக்கவும் தெம்பு அதனால் கிடைக்கும். வீட்டில் சிலர் இதையெல்லாம் வழக்கமான அறிவுரை என்று ஒதுக்கிவிட்டு, போட்டால் உடனே ஆற்றும் களிம்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆற்றும் பொருள் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிறது, காயத்தின் ஓரத்தில் உருவாகியும் கொண்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, செல்கள் அதைப் பற்றி இழுத்து வேலை செய்ய இடமும் நாள்களும் தருவது. அந்த அறிவுரைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பவரின் கால், பல நேரங்களில், வெட்டப்படாமல் பிழைக்கிறது.